"பேப்பர் போட்டுட்டு வந்துடறேன்" என்கிறார் கணவர்: சிஆர்பிஎஃப் வேலையை விடலாமா?

கேள்வி: என் கணவர் 2011 ஜூனில் சிஆர்பிஎஃப்பில் (மத்திய ரிசர்வ் போலீஸ் படை) கான்ஸ்டபிளாகச் சேர்ந்தார். பதினாலரை வருஷ சர்வீஸ். இப்போது சத்தீஸ்கரில், பஸ்தர் பக்கம் இருக்கிறார். மாமனாருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இரண்டு பிள்ளைகளோடு நான்தான் அலைகிறேன். இந்த வருஷம் இரண்டு தடவை சுட்டி (விடுப்பு) கேட்டும் கிடைக்கவில்லை. ஒன்றரை மாதமாகத் தூக்கமே இல்லை என்கிறார். "பேப்பர் போட்டுட்டு வந்துடறேன்" என்று தினமும் சொல்கிறார். சென்னையில் ஒரு செக்யூரிட்டி கம்பெனியில் 22,000 ரூபாய்க்கு சூப்பர்வைசர் வேலை இருக்கிறதாம். அடிப்படைச் சம்பளம் 34,300. சேர்ந்திருக்கும் ஈட்டிய விடுப்பு 210 நாள். என்பிஎஸ் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) கணக்கில் 18 லட்சம் இருக்கிறது. வேலையை விடலாமா? ஆவடிக்கு மாற்றல் கிடைக்குமா? முகாமில் நடப்பதை வீடியோவாகப் போடலாம் என்கிறான் என் தம்பி. என்ன செய்வது?
வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்:

சகோதரிக்கு,

நீங்கள் நடுவில் போகிற போக்கில் எழுதியிருப்பதுதான் முதல் விஷயம். ஒன்றரை மாதமாகத் தூக்கம் இல்லாத ஒருவர் கையில் துப்பாக்கியோடு நிற்கிறார். மாற்றல், பென்ஷன் எல்லாம் அதற்குப் பிறகு. இன்று இரவு பேசும்போது நேராகவே கேளுங்கள்: "செத்துடலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. இருந்தால், சொல்ல ஓர் ஆள் கிடைக்கும். ஆமாம் என்றாலோ மழுப்பினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கூடவே டியூட்டி பார்க்கும் நண்பரை உடனே அவர் பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள், கம்பெனி கமாண்டருக்கும் தகவல் போகட்டும். ஆயுதம் கோத்தில் (ஆயுதக் கிடங்கில்) திரும்ப ஒப்படைக்கப்பட வேண்டும், அவர் யூனிட் டாக்டரிடம் போக வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் தமிழிலேயே பேசலாம், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை. அவரும் கூப்பிடலாம், நீங்களும் கூப்பிடலாம்.

டாக்டரிடம் போகச் சொன்னால் அவர் தயங்குவார். படையினரின் உடல்தகுதியை ஐந்து ஆங்கில எழுத்தால் குறிக்கும் 'ஷேப்' (SHAPE) மருத்துவ வகையில் முதல் எழுத்தே மனநலத்துக்குரியது. அதில் குறைத்துப் போட்டால் வேலை போய்விடும் என்ற பயம் படை முழுக்க இருக்கிறது. உண்மையில் முதலில் தருவது தற்காலிக வகைதான். வழக்கமாக 24 வாரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். தேறினால் முழுத் தகுதியான ஷேப்-1 திரும்பும். அதுவரை பதவி உயர்வு தள்ளிப்போகலாம், வேலை போகாது. மனநலக் குறைபாட்டோடு இருந்த ஒரு சிஆர்பிஎஃப் அதிகாரி மீதான ஒழுங்கு நடவடிக்கையை 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே ரத்து செய்திருக்கிறது.

2024 டிசம்பரில் மாநிலங்களவையில் வைத்த கணக்குப்படி, மத்திய ஆயுதக் காவல் படைகளில் ஐந்து ஆண்டில் 730 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். அவற்றில் 80 சதவீதத்துக்கு மேல் சுட்டி முடிந்து திரும்பிய பிறகு நடந்தவை. ஆகவே சுட்டி கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். வீட்டுக் கடன், மாமனார் வைத்தியம், சொந்தக்காரர் சண்டை எல்லாவற்றையும் சுட்டியில் வரும் அந்தச் சில நாளில் அவர் தலையில் இறக்காதீர்கள். திரும்பிப் போன முதல் இரண்டு வாரம் தினமும் பேசுங்கள்.

இனி 'பேப்பர்', அதாவது ராஜினாமா விஷயம். அதே ஐந்து ஆண்டில் படைகளை விட்டுப் போனவர்கள் 55,000க்கும் மேல். அதில் ராஜினாமா செய்தவர்கள் எட்டாயிரம்கூட இல்லை. மற்றவர்கள் விருப்ப ஓய்வில் போனவர்கள். விவரம் தெரிந்தவர்கள் காத்திருந்து போகிறார்கள். காரணம், ராஜினாமா ஏற்கப்பட்ட நாளோடு அதுவரை பார்த்த சர்வீஸ் விதிப்படி இல்லாமல் போகிறது. விருப்ப ஓய்வுக்கு 20 ஆண்டு தகுதிச் சேவை வேண்டும். உங்கள் கணவருக்கு அது 2031 ஜூன்.

அவருடைய எண்களையே போட்டுப் பார்ப்போம். 2025 ஜூலையின் 58 சதவீத அகவிலைப்படியைச் சேர்த்தால் அடிப்படை 54,194. பணிக்கொடை என்பது முடிந்த ஒவ்வோர் அரையாண்டுக்கும் இதில் கால் பங்கு. பதினாலரை ஆண்டுக்கு 29 அரையாண்டு, சுமார் 3,92,900 ரூபாய். ராஜினாமா செய்தால் இது பூஜ்யம். 210 நாள் விடுப்பை விருப்ப ஓய்வில் முழுதாகக் காசாக்கலாம், சுமார் 3,79,000. ராஜினாமாவில் பாதி நாளுக்குத்தான், அதாவது 105 நாளுக்குச் சுமார் 1,89,700. என்பிஎஸ் 18 லட்சத்தில் ராஜினாமா செய்தால் 20 சதவீதம், 3,60,000 மட்டுமே கைக்கு வரும். மீதி 14,40,000 ஆண்டுத்தொகைத் திட்டத்தில் (அன்யூட்டி, மாதாமாதம் பென்ஷன்போல் தருவது) பூட்டப்படும். எந்தத் திட்டம், அன்றைய வட்டி என்ன என்பதைப் பொறுத்து மாதம் ஏழாயிரம் ரூபாய் அளவில் வரலாம். 20 ஆண்டு முடித்து விருப்ப ஓய்வில் வந்தால் கணக்கே வேறு: 60 சதவீதம் கையில், 40 சதவீதம் ஆண்டுத்தொகையில். பணிக்கொடையும் இன்றைய சம்பளத்திலேயே பத்து மாதத் தொகை, 5,41,940. அதே 2031 ஜூனில் இரண்டாவது எம்ஏசிபி (பதவி உயர்வு இல்லாவிட்டாலும் பத்தாண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் சம்பள உயர்வு) விழுந்து லெவல் 5 சம்பள நிலைக்குப் போவார். மூன்று மாத நோட்டீஸை அந்தச் சம்பள நிர்ணயம் கைக்கு வந்த பிறகு முடியும்படி கொடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

என்பிஎஸ்ஸுக்குப் பதிலாக யூபிஎஸ் (ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம்) எடுத்திருக்கிறாரா என்று கேளுங்கள். நீங்கள் எழுதவில்லை. தேர்வு செய்யக் கடைசி நாள் 2025 நவம்பர் 30ஓடு முடிந்தது. முகாமில் எல்லாரும் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று போட்டவர்கள் உண்டு. யூபிஎஸ்ஸில் 20 ஆண்டில் விருப்ப ஓய்வு பெறலாம், 25 ஆண்டுக்கு எத்தனை ஆண்டு குறைகிறதோ அந்த விகிதத்தில் தொகை குறையும். ஆனால் அந்த மாதத் தொகை அவர் இயல்பாக ஓய்வு பெற்றிருக்க வேண்டிய 60 வயதில்தான் தொடங்கும். நாற்பதை ஒட்டி வெளியே வர நினைப்பவருக்கு இது பொருந்தாது. யூபிஎஸ்ஸிலிருந்து ஒரே ஒரு முறை என்பிஎஸ்ஸுக்குத் திரும்ப வழி உண்டு. விருப்ப ஓய்வுக்கு மூன்று மாதம் முன்பே அதைச் செய்துவிட வேண்டும்.

பழைய ஓய்வூதியம் வந்துவிடும் என்று நம்பிக் காத்திருப்பதும் வேண்டாம். 2023 ஜனவரியில் டில்லி உயர் நீதிமன்றம் சாதகமாகத் தீர்ப்பு சொன்னது, உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை கொடுத்தது. வந்தால் வரட்டும், கணக்கில் சேர்க்காதீர்கள்.

இன்னொன்று, எழுதிக் கொடுத்துவிட்டு மறுநாள் ரயில் ஏறுகிற வேலை இல்லை இது. 1949ஆம் ஆண்டு சிஆர்பிஎஃப் சட்டத்தின் 6ஆம் பிரிவு, சேர்ந்த புதிதில் சில மாதம் தவிர, பணிக்காலத்தில் இஷ்டப்படி விலக யாருக்கும் உரிமை இல்லை என்கிறது. ஏற்றுக்கொண்டு ஆணை வரும்வரை அவர் படைவீரர்தான். பல வீடுகளில் நடப்பது வேறு: சுட்டியில் வந்தவர், "போகப்போறதில்லை" என்று உட்கார்ந்துவிடுகிறார். அது 10ஆம் பிரிவில் குற்றம். ஓராண்டு வரை சிறையோ மூன்று மாதச் சம்பளம் வரை அபராதமோ விதிக்கலாம். 60 நாள் தாண்டினால் விசாரணை மன்றம் கூடி, ஓடிப்போனவர் என்று அறிவிக்கும். அடுத்தது பணிநீக்கம். அதன் பிறகு வேறு எந்த அரசு வேலைக்கும் அவர் பெயர் எடுபடாது. சுட்டியில் வந்து உடம்புக்கு முடியாமல் போனால், முடிகிற தேதிக்கு முன்பே அரசு மருத்துவமனைச் சான்றோடு பட்டாலியன் தலைவரான கமாண்டன்டுக்கு மின்னஞ்சலும் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலும் போக வேண்டும். பக்கத்திலுள்ள குரூப் சென்டரில் (படையின் நிரந்தர நிர்வாக மையம்) போய் ஆஜராவது இன்னும் நல்லது. வாட்ஸ்அப்பில் ஹவில்தார் மேஜருக்கு அனுப்பிய செய்தி கணக்கில் வராது.

சுட்டி ஏன் கிடைப்பதில்லை? அதிகாரி கல்மனசு என்பது பாதிக் காரணம்கூட இல்லை. நஃப்ரிதான் (ஆள் எண்ணிக்கை) காரணம். ஒரு கம்பெனியில் ஏட்டளவில் 135 பேர் என்று வையுங்கள். சுட்டியில் போனவர், கோர்ஸில் இருப்பவர், ஆஸ்பத்திரியில் கிடப்பவர், பட்டாலியன் தலைமையகத்தில் ஒட்டிக்கொண்டவர் எல்லாரும் போக 90 பேர் மிஞ்சினால் அதிர்ஷ்டம். முகாமைச் சுற்றி ஆறு மோர்ச்சா (காவல் அரண்). ஒவ்வொன்றிலும் இருவர். இரண்டு மணி நேரம் நின்று நாலு மணி நேரம் விட்டால், மூன்று சுற்றுக்கு 36 பேர். காலையில் சாலையைச் சோதித்துத் திறக்கும் பார்ட்டிக்கு 40 பேர். அவசரப் பார்ட்டி, சமையல், வண்டி, வயர்லெஸ், கோத் எல்லாம் சேர்த்தால் 20. ஆகக் கூடி 96. ஆள் இருப்பதோ 90. ஆகவே ராத்திரி மோர்ச்சாவில் நின்றவரே விடிந்ததும் சாலைக்குப் போகிறார். தூக்கம் போனது எங்கே என்று தெரிகிறதா? இந்தக் கணக்கில் ஒருவருக்குச் சுட்டி கொடுப்பதென்றால் இன்னொருவரின் தூக்கத்தில் கை வைக்க வேண்டும். அதனால்தான் ஆண்டுக்கு 60 நாள் ஈட்டிய விடுப்பு, 15 நாள் தற்செயல் விடுப்பு என்று ஏட்டில் இருந்தும் 210 நாள் சேர்ந்துகிடக்கிறது. 300 நாளுக்கு மேல் சேராது, வீணாகும். ஆண்டுக்கு 100 நாளாவது குடும்பத்தோடு இருக்கட்டும் என்று உள்துறை 2019இல் சொன்னது. அது பணித் தேவைக்கு உட்பட்ட இலக்கு, கேட்டு வாங்கும் உரிமையாகவில்லை.

கேட்கும் விதம் இந்த இடத்தில்தான் உதவும். அவர் இரண்டு தடவையும் எழுத்தில் கேட்டாரா, ரோல் கால் (ஆஜர் கணக்கெடுப்பு) முடிந்து ஹவில்தார் மேஜரிடம் வாயால் சொன்னாரா என்று விசாரியுங்கள். வாயால் கேட்டது பதிவேட்டில் இருக்காது, மறுத்ததும் இருக்காது. எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும். ஒரே தேதியைப் பிடித்துத் தொங்காமல் மூன்று மாற்றுத் தேதி கொடுக்க வேண்டும். மாமனாரின் டயாலிசிஸ் அட்டை நகலையும், சிறுநீரகம் செயலிழந்ததென்று எழுதிய அரசு மருத்துவமனைச் சான்றையும் இணைக்க வேண்டும். தேர்தல் அறிவித்துவிட்டால் கம்பெனியே வேறு மாநிலத்துக்கு நகரும், அந்த வாரங்களில் கேட்டுப் பயனில்லை. எழுத்தில் கேட்டும் மறுத்தால், ஆர்டர்லி ரூமில் (வீரர்களின் குறைகளை அதிகாரி கேட்கும் அமர்வு) கமாண்டன்டைப் பார்க்க நேர்காணல் கேட்கலாம். ஒரு சாதாரண கான்ஸ்டபிளுக்கும் அந்த உரிமை உண்டு. அதற்கும் மேலே டிஐஜிக்கு மனு, முறையான வழியில்.

மாற்றலுக்கு ஏன் ஆவடி? அங்கிருந்து தென்காசிக்கு வர, சென்னை போய்ப் பொதிகை எக்ஸ்பிரஸில் ஓர் இரவு. சிஆர்பிஎஃப்புக்குத் திருவனந்தபுரம் பள்ளிப்புரத்தில் ஒரு குரூப் சென்டர் இருக்கிறது. செங்கோட்டை, ஆரியங்காவு வழியாக நூறு கிலோமீட்டர் சொச்சம். தமிழ்நாட்டுக்காரர் என்றால் ஆவடி என்று எல்லாரும் ஒரே வாசலில் நிற்பதால் அங்கே வரிசை நீளம். பள்ளிப்புரத்தை முதல் விருப்பமாகவும் ஆவடியை இரண்டாவதாகவும் எழுதச் சொல்லுங்கள். நிரந்தர மாற்றல் உடனே கிடைக்காவிட்டால், தந்தையின் சிகிச்சையைக் காட்டிக் குறுகிய கால இணைப்புப் பணி கேட்கலாம். அரக்கோணத்து பேரிடர் மீட்புப் படைக்கு முயற்சி செய்யலாமே என்று யாராவது சொல்வார்கள். அந்த 4ஆம் பட்டாலியன் சிஐஎஸ்எஃப் (மத்திய தொழிற்பாதுகாப்புப் படை) ஆட்களுக்கானது, நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மனுவில் கையெழுத்து அவருடையதாகவே இருக்கட்டும். நீங்களோ மாமனாரோ தலைமையகத்துக்கு எழுதுவதையும், எம்பி கடிதம் வாங்கி அனுப்புவதையும் வெளி அழுத்தமாகப் பார்க்கும் விதி இருக்கிறது. எம்பி கடிதத்துக்காக அலைந்து, கடைசியில் வீரருக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்த வீடுகள் நிறைய.

மாற்றல் வந்தால் இன்னொரு அதிர்ச்சியும் வரும். பஸ்தரில் அவர் வாங்குவதில் ஆபத்து, கடினப் பணிப்படி பெரிய பங்கு. கடுமையான பகுதிகளுக்கு 2019இல் அது 9,700இலிருந்து 17,300 ஆனது, பிறகும் கூடியிருக்கிறது. பள்ளிப்புரத்தில் அது கிடையாது. கைக்கு வரும் சம்பளத்தை நம்பி வாங்கிய தனிநபர் கடனின் தவணை மாற்றலுக்குப் பிறகு கழுத்தை நெரிக்கும். இப்போதே அந்தப் படியைத் தனியாக எடுத்து வைத்து, மீதியில் வீடு நடக்கிறதா என்று மூன்று மாதம் ஓட்டிப் பாருங்கள்.

மாமனார் செலவுக்கு வேலையில் இருக்கும்போதே இரண்டு வழி. அவர் பெயர் உங்கள் கணவரைச் சார்ந்தோர் பட்டியலில் இருந்தால் ஆயுஷ்மான் சிஏபிஎஃப் (மத்திய ஆயுதக் காவல் படையினருக்கான மருத்துவத் திட்டம்) அட்டை உண்டு, பட்டியலிட்ட மருத்துவமனையில் பணம் கட்டாமல் பார்க்கலாம். மாமனாருக்குச் சொந்த ஓய்வூதியம் இருந்தால் வருமான வரம்பைப் பார்க்க வேண்டும். இரண்டாவது, என்பிஎஸ்ஸில் பகுதிப் பணம் எடுப்பது. சார்ந்திருக்கும் பெற்றோரின் சிறுநீரகச் செயலிழப்புச் சிகிச்சைக்கும் எடுக்கலாம். அவர் கையிலிருந்து கட்டியதில் 25 சதவீதம் வரை எடுக்கலாம். அரசு போட்டதையும் வளர்ச்சியையும் தொட முடியாது. அவர் கட்டியது 5 லட்சம் என்றால் 1,25,000 வரும்.

அந்த 22,000 ரூபாய் வேலைக்கு வருகிறேன். எட்டு மணி நேரமா பன்னிரண்டா, பிஎஃப் பிடித்தது போகவா முன்னமேயா என்று கேட்டீர்களா? தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இஎஸ்ஐக்குச் சம்பள வரம்பு 21,000. ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்து உங்களை அதிலிருந்து வெளியே நிறுத்துகிற சம்பளம் இது. படையின் வைத்திய வசதியும் ராஜினாமாவோடு போய்விடும். டயாலிசிஸ் நடக்கும் வீட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை. சென்னை வாடகையைக் கழித்தால் அவர் உங்களோடு இருக்கவும் மாட்டார். தவிர, சிஆர்பிஎஃப்பிலிருந்து வந்தவருக்கு ராணுவத்தினர் பெறும் முன்னாள் படைவீரர் தகுதி கிடையாது. 2012இல் மத்திய அரசு கொடுத்தது 'முன்னாள் மத்திய ஆயுதக் காவல் படையினர்' என்ற பெயர். அதை வைத்து முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் நுழைய முடியாது. ராஜினாமா செய்தவருக்கு அந்தப் பெயரும் பெரிதாக உதவாது.

20 ஆண்டுக்கு முன் வெளியே வர ஒரு நல்ல வாசல் இருக்கிறது: வேறு அரசு வேலைக்குத் துறை வழியாக விண்ணப்பித்து, தடையில்லாச் சான்று வாங்கி, தேர்வானதும் 'தொழில்நுட்ப ராஜினாமா' கொடுப்பது. அப்போது பழைய சேவை அழியாது, விடுப்பும் சம்பளப் பாதுகாப்பும் தொடரும். சான்று வாங்காமல் ரகசியமாகப் பரீட்சை எழுதி, ஆணை வந்த பிறகு ஓடி வருபவர்களுக்குத்தான் இது சாதாரண ராஜினாமாவாக முடிகிறது. மத்திய அரசு வேலையென்றால் என்பிஎஸ் கணக்கும் அப்படியே நகரும். தமிழ்நாடு அரசு என்பிஎஸ்ஸில் சேராததால் டிஎன்பிஎஸ்சி வழியாக வந்தால் ஓய்வூதியக் கணக்கில் சிக்கல் உண்டு. வயது வரம்பையும் பாருங்கள்.

தம்பியின் வீடியோ யோசனை வேண்டாம். 2017 ஜனவரியில் எல்லைப் பாதுகாப்புப் படை வீரர் ஒருவர் சாப்பாட்டின் தரம் பற்றிப் போட்ட வீடியோவை நாடே பார்த்தது. ஏப்ரலில் அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார்.

கடைசியாக ஒரு தாள், அதற்குத் தேதி இருக்கிறது. என்பிஎஸ்ஸில் இருப்பவர் பணியில் இறந்தாலோ உடல் முடங்கி வெளியேற்றப்பட்டாலோ குடும்பத்துக்கோ அவருக்கோ பழைய முறை ஓய்வூதியமா, என்பிஎஸ் தொகையா என்று படிவம் 1இல் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுக்காவிட்டால் முதல் 15 ஆண்டுக்குப் பழைய முறை தானாகப் பொருந்தும், அதற்குப் பிறகு என்பிஎஸ்தான். அவருக்கு 15 ஆண்டு 2026 ஜூனில் முடிகிறது. பழைய முறையில், பணியில் இறந்தவரின் மனைவிக்குப் பத்தாண்டு வரை கடைசி அடிப்படையில் பாதி, பிறகு 30 சதவீதம், அகவிலைப்படியோடு கிடைக்கும். சேவைப் பதிவேட்டில் படிவம் 1 ஒட்டியிருக்கிறதா, அதில் எதற்கு எதிரே கையெழுத்து, வாரிசு நியமனத்தில் கல்யாணத்துக்கு முன் எழுதிய பெயர் இன்னும் இருக்கிறதா என்று பட்டாலியன் எழுத்தரிடம் பார்த்து, அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.